ஐந்நூறு வரை வடித்த சோறு

முசஃபாவில், ஜூலை முடிந்த மறுநாள்,
கண்டெய்னரை வெட்டிச் செய்த ஆபீஸில்
எண்களைக் கட்டத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். அதற்குத்தான் சம்பளம்.
வெயிலில் விழுந்தவர்கள்: மே பதினொன்று,
ஜூன் பத்தொன்பது, ஜூலை முப்பத்துநாலு.
எக்செல் தானாக வரைந்ததில்
மூன்று தூண்களும் படிபோல் ஏறின.

"பார்க்க நல்லா இல்லையே, மீனாள்" என்றார் மேனேஜர்.
பொய் எழுதச் சொல்லவில்லை அவர், அதைச் சொல்லியாக வேண்டும்.
ஒரு எண்ணையும் தொடவில்லை.
என் மௌஸை வாங்கி இடப்பக்க அச்சைத் தட்டி
உச்சம் என்ற கட்டத்தில் ஐந்நூறு என்று அடித்தார்.
தூண்கள் தரையோடு தரையாய்ப் படுத்தன,
பகல் பன்னிரண்டரைக்கு ஷெட்டுக்குள் ஆட்கள் படுப்பதுபோல.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க
அதற்குத் தகுந்த சோறு வேண்டும்.
ஐந்நூறு வரை வடித்திருந்தார்.

அதே பக்கத்தில் கீழே வேலை முன்னேற்றம்:
ஜூனில் தொண்ணூற்றைந்து சதவீதம், ஜூலையில் தொண்ணூற்றேழு.
இந்த அச்சு மட்டும் தொண்ணூற்றுநாலில் கால் ஊன்றியிருந்தது.
தொண்ணூற்றுநாலு மாடியை மணலில் புதைத்துவிட்டு
மிச்சத்தை அளந்தால்
ஒரு மாடிக் கட்டடத்தின் பக்கத்தில் மூன்று மாடி.
கிளையன்ட் கைதட்டுவார்.

அன்று ராத்திரி கட்டிலில் படுத்தபடி
போனில் எனக்கே ஒரு விதி எழுதிக்கொண்டேன்:
எல்லா அச்சும் சுழியத்தில் தொடங்கட்டும்.

விதி பன்னிரண்டு மணி நேரம் இருந்தது.
காலையில் கிளினிக் நர்ஸ் ஷைனி
உடல் வெப்பக் கணக்கு கொண்டுவந்தாள்:
ஒருவனுக்கு முப்பத்தேழு, ஒருவனுக்கு நாற்பது புள்ளி ஆறு.
சுழியத்திலிருந்து வரைந்தேன்.
இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே உயரம்.
காய்ச்சலே இல்லை யாருக்கும்.

"என்ட தெர்மாமீட்டர் முப்பத்தஞ்சிலதான் தொடங்கும்,
அது பொய்யா சொல்லுது?" என்றாள்.
"சுழியத்தில கிடக்கிறவனுக்கு
நான் எதுக்கு, உன் படம் எதுக்கு?"

அழித்துவிட்டு மறுபடி எழுதினேன்.
தூண் வரைந்தால் அடியிலிருந்து முழுத்தூணையும் காட்டு.
கோடு வரைந்தால்
எங்கே நின்றுகொண்டு பார்க்கிறாய் என்பதைச் சொல்.
இதுவும் எத்தனை நாளைக்கோ.

ஆகஸ்ட் முடிவில் பதினேழு.
"பாதியாக் குறைஞ்சிருக்கு!" மேனேஜர் டீ வாங்கித் தந்தார்.
குறைந்ததுதான்.
ஜூலையில் தொள்ளாயிரம் பேர் இருந்தார்கள்.
பன்னிரண்டு பஸ்ஸில் அறுநூறு பேரை ருவைஸுக்கு ஏற்றிவிட்டார்கள்.
மிஞ்சியது முந்நூறு.
ஆயிரம் பேருக்கு என்று வகுத்துப் பார்த்தேன்:
முப்பத்தெட்டாய் இருந்தது ஐம்பத்தேழு ஆகியிருந்தது.
டீ ஆறிப்போயிற்று.

எல்லாவற்றையும் திருத்தி வரைந்து நீட்டினேன்.
கையெழுத்துப் போடும்போது அவர் போனில் இருந்தார்.
ஏ-த்ரீ தாளில் அடித்து
மெஸ் கதவருகே ஒட்டினேன்.
கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது.

ரிக்கர் கோட்டைச்சாமி சோற்றுத்தட்டோடு வந்து நின்றான்.
ஜூலைத் தூணில் விரலை வைத்து
மேலிருந்து கீழாக மெதுவாய் இழுத்தான்.
"முப்பத்துநாலுல நான் எத்தனாவதுங்க?"

பட்டியலைப் பார்த்தேன். அவன் இல்லை.
ஜூலை இருபத்திரண்டு, மூன்று நாள் விடுப்பு,
காரணம்: சொந்தக் காரணம்.

"சரியாத்தான் போட்டிருக்காங்க" என்றான்.
"சொந்த உடம்புதானே விழுந்துச்சு."

திரும்பிப் போய் முப்பத்தைந்து என்று மாற்றினேன்.
தூண் ஒரு மயிரிழை எழுந்தது.
பிறகு விடுப்புப் பதிவேட்டைத் திறந்தேன்.
ஜூலையில், அதே கையெழுத்தில், அதே காரணம்,
இன்னும் நாற்பத்தொரு பேருக்கு.