ஒத்தடம்

கூடலூர் கோர்ட்டில் மூன்றாம் நாள் மழை.
ஃபைல் கட்டுகளின் ஓரத்தில் பூஞ்சை.
எஸ்டேட் மேனேஜரின் இங்கிலீஷ் புகாரைத்
தமிழாக்க எனக்கு மூன்று மணி வரை கெடு.

ஐந்தாம் பத்தியில் நின்றுவிட்டது பேனா.
ஏழாம் நம்பர் லயத்து மருதாயி
தொழிலாளரிடையே அமைதியின்மையை
ஃபொமென்ட் செய்தாளாம்.

தூண்டினாள் என்று எழுதினால் முடிந்தது.
இருபது வருஷமாக அப்படித்தான் எழுதுகிறேன்.
இன்றைக்கு ஏனோ, தூண்டு என்றதும்
புழு கோத்த முள் கண்ணில் பட்டது,
தண்ணீருக்குள் வெளியாள் இறக்கும் முள்.

அட்டை போன பழைய அகராதியை இறக்கினேன்.
வெந்நீர்த் துணியால் வலித்த இடத்தில் ஒற்றுதல்
என்று முதலில் போட்டிருந்தது.
வேர் லத்தீன்: கதகதப்பாக்கு, பேணு.
கலகம் அதற்கும் கீழே,
பந்திக்குப் பிந்தி வந்தவன் மாதிரி.

வாக்குமூலங்களைத் திரும்பப் புரட்டினேன்.

"இடுப்பு பிடிச்சுக்கிச்சு. மருதாயிதான்
உப்பு வறுத்துத் துணியில முடிஞ்சு வச்சா."
வேறென்ன பேசினாள்?
"எங்க வலிக்குதுன்னு கேட்டா."
வேறு?
"எத்தனை நாளான்னு கேட்டா."

அந்தோணியம்மாள் சொன்னதையே
தவமணியும் சொல்கிறாள், பேச்சியும்.
பதினோரு முதுகுகள், ஒரே அடுப்பு.
முறைக்குக் காத்திருந்தவர்கள்
முன்னால் இருப்பவளின் தோளில்
கூடைக்கயிறு அறுத்த தடத்தைப் பார்த்திருக்க வேண்டும்.
மறுவாரம் தராசடியில் யாரோ கேட்டிருக்கிறார்கள்:
கொழுந்தில் ஈரமென்று தினம் கழிக்கிற இரண்டு கிலோ
யார் வீட்டுக்குப் போகிறது?
கேட்டது யார் என்று ஒருத்திக்கும் நினைவில்லை.

எழுதினேன்:
'தொழிலாளரிடையே இருந்த அமைதியின்மைக்கு
மருதாயி ஒத்தடம் கொடுத்தார்.'

சிரஸ்தார் தங்கவேலு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"என்னய்யா இது, வைத்தியசாலையா?"
சிவப்பு மையில் ஒரே கோடு.
மேலே, அவருடைய அழகான கையெழுத்தில்: தூண்டினார்.
இலக்கணப்படி பிழையில்லை.

வராந்தாவில் வாளி வைத்திருந்தார்கள்,
ஓடு ஒழுகுகிற இடத்தில்.
அதன் பக்கத்தில் பெஞ்சின் நுனியில் அவள்,
ரப்பர் செருப்பு, ஆண்கள் ஸ்வெட்டர்.
நான் கடக்கும்போது
என் வலது மணிக்கட்டைப் பார்த்தாள்.

"வீங்கியிருக்கே சார்.
எத்தனை நாளா?"

ஃபைலை
மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.