இருபத்தேழாம் எண் பை

முதல் வாரம் எல்லோரும் திட்டினார்கள்.
எங்களைத்தான். கவுன்சில் தெருவுக்கு வராதே.

சிவப்புப் பை தகரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும்,
நீலப் பை காகிதத்துக்கு.
பறக்காமலிருக்க அடியில் கனமான ஒரு பட்டை.
அதைத் தைத்தவர்
எங்கள் பள்ளத்தாக்குக் காற்றைப் பார்த்ததில்லை.
புதன்கிழமை பதினொரு மணிக்கு
மேல்தெருப் பைகள் அத்தனையும்
கீழ்த்தெருத் தேவாலய வேலியில் ஒட்டிக்கொண்டு நின்றன.
ஞாயிற்றுக்கிழமைகூட அங்கே
அவ்வளவு கூட்டம் இல்லை.

முன்பெல்லாம் சுலபம்.
மெல்லிய மூட்டை, காதைப் பிடித்துத் தூக்கி
லாரியின் வாய்க்குள் ஒரு வீச்சு.
பதினாறு வருடம் இந்த ஊரிலிருந்து
எடுத்துக்கொண்டே போனேன்,
ஒரு கதவுக்கும் எதையும் திருப்பித் தந்ததில்லை.
இப்போது கவிழ்த்து, உதறி, மடித்து,
வந்த வழியே நடந்து
அதே வாசலில் வைக்க வேண்டும்.
வாங்கல் மட்டுமே இருந்த தொழிலில்
கொடுக்கலும் வந்து சேர்ந்தது.
“நாற்பது நிமிடம் தாமதம், ஹெவின்”
ஸ்டியரிங்கில் தாளம் போடுகிறான் கெரைன்ட்.
என் முழங்காலிடம் சொல் என்றேன்.

கல் வைக்கச் சொன்னது யாருமில்லை.
மூன்றாம் வாரம்
சுவரோரம் கிடந்த ஓட்டுக்கல் ஒன்றை
எட்டாம் எண் பைமேல் வைத்தேன்.
அடுத்த புதன் வாசலுக்கு வாசல்
ஒரு கல் காத்திருந்தது,
ஒரு வீட்டில் உடைந்த இஸ்திரிப்பெட்டி.
பைகளில் வெள்ளைப் பெயின்டில் எண்கள்.
பதினான்கின் பிள்ளைகள்
எண்ணைக் கடிக்கும் சுறாவையும் வரைந்திருந்தார்கள்.

தலைகீழாகக் கவிழ்க்கும்போது
கண்ணில் படத்தான் செய்யும்.
முப்பதாம் எண்ணில்
பூனை உணவு டப்பாக்கள் திடீரென நின்றன.
அன்று அந்தப் பையை
உதறாமல் மெல்ல வைத்தேன்.
யாரிடமும் சொல்வதில்லை இதையெல்லாம்.

இருபத்தேழில் மட்டும் ஒன்றுமே இல்லை.
ஒரு தகரம், ஒரு தாள்?
ஆறு வாரம். திரை மட்டும் அசையும்.
‘பங்கேற்கவில்லை’ என்று
அலுவலகம் ஒரு கட்டத்தில் குறித்துக்கொண்டது.

ஏழாவது புதன் தட்டினேன்.
எலினெட் ப்ராசர், முழங்கைவரை மண்.
“பையா? நல்ல பை.
கைப்பிடி இருக்கிறது, அடியில் நீர் வடிகிறது.
வந்து பார்.”
பின்முற்றத்தில் சிவப்புப் பை நிறைய மண்,
மண் நிறைய உருளைக்கிழங்குச் செடி.
நீலப் பையில் வெங்காயத்தாள்.
“அப்படியானால் உங்கள் டப்பாக்கள்?”
“பக்கத்து வீட்டுப் பையில். இருட்டியபின்.
அவனுக்குத் தெரியாது.”
இருபத்தைந்தாம் எண் தனி ஆள்
இவ்வளவு மத்தி மீன் தின்கிறானே என்று
நான் வியந்துகொண்டிருந்தேன்.

படிவத்தில் என்ன எழுத?
‘பைகளைக் காற்று கொண்டுபோனது.’
காற்றின்மேல் பழி போட்டால் அது மறுத்துப் பேசாது.
புதிய ஜோடி ஒன்று கொடுத்தேன்.
அவற்றையும் அவள் மண்ணைப் பார்க்கும் கண்ணால்தான் பார்த்தாள்.

செப்டம்பரில் கடைசிப் புதன்
இருபத்தேழின் வாசலில் முதல்முறையாக ஒரு பை.
கோணலாய் எண். மேலே கல் இல்லை,
தேவைப்படவுமில்லை.
தூக்கியதும் தோள் சொன்னது, இது தகரமில்லை.

தவறான பொருள் இருந்தால்
மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், அது விதி:
‘இதை எங்களால் எடுத்துச் செல்ல இயலாது.’
ஒட்டினேன்.
பிறகு கவிழ்த்தேன்,
லாரியின் வாய்க்குள் அல்ல,
முன்னிருக்கையில் கிடந்த மழைக்கோட்டுக்குள்.
மண் வாசனையில் கெரைன்ட் தாளத்தை நிறுத்தினான்.

காலிப் பையை மடித்து
வந்த வழியே மேட்டில் ஏறினேன்.
முழங்கால் வலிக்கவில்லை என்றால் பொய்.
திரும்பி வந்தபோது
தாமதம் பற்றி அவன் பேசவில்லை,
கிழங்குகளை எண்ணிக்கொண்டிருந்தான்.
“பாதி எனக்கு” என்றான்.