அரை சதவீதக் கரி

கண்ணாடி பாட்டிலில் ஐம்பது கிராம்.
குலுக்கினால் சத்தமில்லை.
"உள்ள ஒண்ணுமே இல்லையாக்கா?"
கூரியர் பையன் கையெழுத்து வாங்கிப் போனான்.

சாயல்குடிப் பக்கமிருந்து
கருவேலங்கரி ஏற்றிய லாரி ஒன்று
பட்டறையைக் கடந்தது அந்நேரம்.
பத்து மூட்டையின் விலை இந்த ஒரு பாட்டில்.
இரண்டும் கரிதான்.
இது மட்டும், ஒரு மயிரிழையைப்
பல்லாயிரமாய் வகிர்ந்த பருமனில்,
சுருண்டு குழலாகியிருக்கிறது.

கச்சான் அடிக்கையில் மூடி திறக்கலாகாது.
ரெமிஜியஸ் மூன்று பக்கமும் தார்ப்பாய் கட்டினார்.
முகக்கவசத்துக்குள்
சகுபர் ஒரு தும்மலை விழுங்கினான்.

முதல் நாள்
பெயிண்ட் கலக்கும் மெஷினை விட்டு
ரெசினில் சுற்றினோம்.
கேப்பைக் கூழ் மாதிரி கட்டி தட்டியது.
குழலும் குழலும் கட்டிக்கொண்டு
பிரியமாட்டோம் என்றன.
அந்தப் பலகை
வெறும் ரெசின் பலகைக்கு முன்னால் உடைந்தது.

காரைக்குடியில் இரவல் வாங்கிய
மீயொலிக் கருவி வந்தது.
பல் கூசும் கிறீச்சொலி.
ரெசின் சூடேறாதிருக்க
கிண்ணத்தைச் சுற்றித் துறைமுகத்து ஐஸ்;
உருகிய தண்ணீரில்
ஒரு சூடை மீனின் செதில்.
கரண்ட் இரண்டு முறை போனது.
ஜெனரேட்டருக்கு டீசல் கேட்டுப்போன சகுபர்
டீ குடித்துவிட்டு வந்தான்.

சாயங்காலம் கிண்ணத்தில் ஒரே கறுப்பு.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்,
தனியாய் ஒரு புள்ளி இல்லை.
கண்ணாடிநார் விரித்து, ஊற்றி,
ரோலர் உருட்டி
ஒரு ராத்திரி விட்டோம்.

பைபரில் கரண்ட் ஓடாது என்பது
ரெமிஜியஸின் முப்பது வருடப் பட்டறிவு.
பலகையின் இரு முனையிலும்
செம்புக்கம்பி ஒட்டி மீட்டரை வைத்தேன்.
எண் வந்தது.
சுத்தியலால் ஒரு தட்டு.
மேலே கீறலில்லை.
எண் ஏறியது, ஏறினது இறங்கவில்லை.

உள்ளே எங்கோ
கோத்த கைகள் விட்டுப்போயிருக்கின்றன என்றேன்.

அவர் நினைப்பு வேறெங்கோ.
போன மாசியில்
மூக்கையூர்த் துறையில் கட்டிக்கிடந்த அவர் படகில்
ராத்திரி எதுவோ மோதியது.
ஊர்க்கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.
'பழைய விரிசல்' என்று
எழுதி முடித்துவிட்டார்கள்.

கரி என்றால் சாட்சி என்றும் ஒரு பொருள் உண்டு.
அகராதியில் இருக்கிறது.
நான் அதைச் சொல்லவில்லை.

"யாரு இடிச்சான்னு காட்டுமா?"
"காட்டாது. எப்போ, எவ்வளவுன்னு காட்டும்."

பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"எவ்வளவு போட்டீங்க?"
"நூத்துக்கு அரை."
"ஊருக்கும் அவ்வளவு இருந்தாப் போதும்" என்றார்.

பிறகு கேட்டார்,
முழுப் படகுக்கு எத்தனை பாட்டில் ஆகும்?

மனக்கணக்குப் போட்டேன்.
இருநூறு கிலோ ரெசின், இருபது பாட்டில்.
காலையில் போன அந்த லாரி,
மூட்டை மூட்டையாய், முழுசாய்.

இன்னும் வாய் திறக்கவில்லை நான்.