பிழை எண் 2217

திரியெஸ்தேயில் போரா காற்று வீசும் நாளில்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
அந்தக் கயிற்றைப் பிடித்தபடிதான்
நான் இரவு வேலைக்குப் போனேன்.
வேலை வேறொன்றுமில்லை, தோற்பது.
ஒரே கட்டத்தில் இரவுக்கு அறுபது தடவை
வெவ்வேறு விதமாய்த் தோற்று
எப்படித் தோற்றேன் என்று எழுதி வைப்பது.

மூன்று குளிர்காலம் ஓடிய தொலைக்காட்சித் தொடர்.
காப்பிக்கொட்டை மூட்டைக்குள்
துப்பாக்கி கடத்தும் குடும்பம்:
தாய், இரண்டு மகன்கள்,
கணக்கெழுதும் மருமகள்.
வெள்ளிக்கிழமைகளில் மீன்கடைக்காரர்கூட
சீக்கிரமே ஷட்டரை இறக்கினார்.
இப்போது அதை விளையாட்டாக்குகிறார்கள்.
சுடுவது குறைவு, யோசிப்பது அதிகம்.
நால்வருக்கும் ஆளுக்கொரு நிமிடம்;
நாலும் ஒரே நிமிடம்தான்.
மருமகள் விளக்கை அணைக்கும் நொடியில்
மூத்தவன் கதவருகே இருக்க வேண்டும்,
கிழவி மேலே யாரோடாவது
சண்டை இழுத்துக்கொண்டிருக்க வேண்டும்.
பிசகினால்
காலத்தைப் பாயைப்போலச் சுருட்டி
மறுபடி விரிக்கலாம்.

ஒன்பதாம் கட்டம், சுங்கக் கிடங்கு.
அங்கே ஒரு காவலாளி.
பதினான்கு எட்டு நடப்பான், இடப்பக்கம் திரும்புவான்,
வலது காலைக் கொஞ்சம் இழுப்பான்.
தொடரில் அவனுக்கு ஐந்தே சொல்:
'யாரது? கையைத் தூக்கிக்கொண்டு வெளிச்சத்துக்கு வா.'
கடைசிச் சொல் வாயைத் தாண்டுமுன்
இளையவனின் கத்தி.
நடித்தவர் லிவியோ பிரெசான்,
துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.
உடம்பெங்கும் வெள்ளைப் பொட்டு ஒட்டி
அவர் நடையைக் கணினிக்குள் எடுத்தார்கள்.
கால் இழுப்பது நடிப்பில்லை
என்று யாரோ சொன்னார்கள்.

வடிவமைத்தவர்கள் வைத்திருந்த விடைப்படி
நாற்பத்தோராவது நொடியில் அவன் சாக வேண்டும்.
செத்தான்.
முதல் வாரம் எண்ணினேன்,
அப்புறம் விட்டுவிட்டேன்.

ஒரு வியாழன், பின்னிரவு மூன்று மணி.
கைமறதியாய்
மருமகளை இரண்டு நொடி சும்மா நிற்க விட்டேன்,
பேரேட்டை மூடாமல்.
உடைந்த ஜன்னல் வழியாக வந்த காற்று
ஒரு தாளை எடுத்துப் போனது.
பதினோராம் எட்டில் அது காலடியில் விழ,
காவலாளி குனிந்தான்.
நிமிர்வதற்குள் மூட்டையோடு மூவரும் வெளியே.
தரையில் ரத்தம் இல்லை.
அவன் தாளைத் திருப்பிப் பார்த்தான்,
அவனுக்கு அதைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தவர் யாருமில்லை,
ஆனாலும் பார்த்தான்.
நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன்.
சொல்ல அக்கம்பக்கத்தில் ஆளில்லை,
காப்பி இயந்திரம் மட்டும்
தனக்குத்தானே கொதித்துக்கொண்டிருந்தது.

பத்தாம் கட்டம் திறந்தது.
மழை, குடைகள், சவப்பெட்டி.
தொடரில் பெயர் வைக்கப்படாத அவன் மனைவி
கையுறையைக் கழற்றி
ஒரு பிடி மண்ணைப் போட்டாள்.

எழுதினேன்:
பிழை எண் 2217.
கண்டவர்: நேவியா கொசுத்தா.
தீவிரம்: உச்சம்.
ஒன்பதில் உயிரோடிருப்பவரைப்
பத்தில் புதைக்கிறார்கள்.
மறுபடி நிகழ்த்திப் பார்க்க:
மருமகளை இரண்டு நொடி நிற்க வையுங்கள்.

காலையில் தாமியானோவின் பதில்:
'கதை தொடரில் உள்ளபடியே. திருத்த வேண்டியதில்லை.'
கீழே இன்னொரு வரி:
'ஜன்னலை அடைத்துவிட்டோம். கவனித்ததற்கு நன்றி.'

கயிற்றைப் பிடித்துக்கொண்டு பேருந்துக்கு வந்தேன்.
ஆறாம் எண், பார்க்கோலா போவது.
ஒரு கால் படியில் வைத்துவிட்டேன்.
தூரத்தில், தொப்பியை ஒரு கையால் அழுத்தியபடி,
மறுகையில் மத்தி மீன் பொட்டலம்,
வலது காலை இழுத்துக்கொண்டு ஒருவர்.
முகம் தெரியுமுன் நடை தெரிந்தது.
ஓட்டுநர் மணியடித்தார்.
நான் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.
கதவு என் தோளில் முட்டித் திறந்தது,
மறுபடி முட்டியது.

லிவியோ பிரெசான் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.
நன்றி எல்லாம் இல்லை.
'ஏறுவதா இறங்குவதா, முடிவு பண்ணு பெண்ணே,
காற்று உள்ளே வருது' என்றார்.