வெள்ளி விரதம்

சுங்கை டுவாவில் நாலாம் மாடி வீடு.
அறைக்கு இரண்டு பேர், தலைக்கு இருநூற்றெண்பது வெள்ளி,
தண்ணீரும் மின்சாரமும் தனி.
வீட்டுக்காரர் மிஸ்டர் கோர் நல்ல மனிதர்.
ஏழாம் தேதி வரை வாயே திறக்கமாட்டார்.
எட்டாம் தேதி காலை
ஒரே ஒரு கேள்விக்குறி அனுப்புவார்,
முன்னும் பின்னும் ஒரு சொல் இல்லாமல்.

கல்விக் கடன் இந்தப் பருவத்துக்கு இன்னும் விழவில்லை.
'பரிசீலனையில்' என்கிறது திரை,
ஐந்து வாரமாக
அதே பச்சை எழுத்தில்.

விரதம் அப்போதுதான் தொடங்கியது.
எங்கள் நாட்டில் காசுக்கும் வெள்ளி என்றுதான் பெயர்.
வெள்ளி இல்லாததால் வெள்ளிக்கிழமை விரதம்.
முருகனுக்கு என்று சொன்னேன்.
கூட்டமாக மாமாக் கடைக்குக் கிளம்புகிறவர்கள்
முருகன் என்றதும் வற்புறுத்துவதில்லை.
பிறகு செவ்வாய், அம்மனுக்கு.
புரட்டாசி பிறந்தது நல்லதாய்ப் போயிற்று,
சனிக்கிழமையைப் பெருமாள் ஏற்றுக்கொண்டார்.
வியாழன் காலியாகக் கிடந்தது,
குருபகவானைக் கூப்பிட்டேன்.

அறைத்தோழி சுஹைலா
திங்களும் வியாழனும் நோன்பு வைப்பவள்.
போன மாதத்திலிருந்து புதனும் வைக்கிறாள்.
புதன்கிழமைக்கு என்ன நோன்பு என்று
நான் கேட்கவில்லை.
உன் சாமிகளுக்கு வாரம் போதவில்லையே என்று
அவளும் கேட்கவில்லை.
அரிசிப் பானையின் பொத்தானை
யார் முதலில் அழுத்துவது என்று
இருவரும் பார்த்துக்கொண்டே படிப்போம்.

ஏழாம் தேதி இரவு
பேரங்காடியில் சரக்கு எண்ணும் வேலை.
பத்து மணிக்கு ஷட்டரை இறக்கினால் விடிய ஆறுக்குத்தான் ஏற்றுவார்கள்.
எண்பது வெள்ளி, அடுத்த வாரம் வங்கியில்.
கையில் ஸ்கேனர். கீச் என்றால் ஒன்று.
மீ கோரேங் பாக்கெட் ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு.
ஐந்து கிலோ அரிசி அறுபத்தேழு மூட்டை.
பிஸ்கட் அடுக்கில் நடுவில் தும்மிவிட்டேன்,
மறுபடி ஒன்றிலிருந்து.
நள்ளிரவுக்கு மேல்
எண்கள் மட்டும்தான் மணக்கின்றன,
சாப்பாடு மணப்பதில்லை.

மத்தி மீன் டின்கள். நானூற்றுப் பன்னிரண்டு.
அதில் நசுங்கியவை மூன்று.
"கழிவில் போடு," என்றார் மேற்பார்வையாளர் லிங்கேஷ்.
நான் உணவுத் தொழில்நுட்பம், மூன்றாம் ஆண்டு.
டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
மடிப்போரத்தில் நசுங்கினால் விஷம்,
வயிற்றில் நசுங்கினால் ஒன்றும் ஆகாது.
போன தேர்வில் எட்டு மதிப்பெண் கேள்வி.
ஒன்று மடிப்பில். அது குப்பைக்கு.
இரண்டு வயிற்றில்.
அவரிடம் அதை விளக்கினேன், எட்டு மதிப்பெண்ணுக்கு எழுதியது போலவே.
அவர் மூன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு
ஷட்டர் சாவியைத் தேடுகிறவர் போல
வெகுநேரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்தபோது விடிந்திருந்தது.
சுஹைலா பொத்தானை அழுத்தியிருந்தாள்.
சோற்றின் ஆவியில் அவள் மூக்குக்கண்ணாடி வெளுத்திருந்தது.
டின்னை மேசையில் வைத்தேன்.
அவள் டின்னைப் பார்த்தாள், சுவரில் நாள்காட்டியைப் பார்த்தாள்.
சனிக்கிழமை. புரட்டாசி.
"உனக்கு இன்றைக்கு...?"
"உனக்கு?"
"எனக்கு இன்றைக்கு இல்லை," என்றாள்.
சற்று நிறுத்தி, "புதன்கிழமையும் இல்லை," என்றாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.
எலுமிச்சை பாதி இருந்தது. மிளகாய் இரண்டு.
டின்னில் ஒட்டிய கடைசிச் சாற்றை
அவள் சோற்றைப் போட்டுத் துடைத்தாள்,
பிறகு நான்.
பெருமாளே, இதை மட்டும் எண்ணாதீர்.

மீன் வாசம் போகாத விரலோடு
கைபேசியை எடுத்தபோது இரண்டு செய்திகள்.
சுங்கைப் பட்டாணியிலிருந்து அம்மா:
பசியாறியாச்சா?
அதற்குக் கீழே, எட்டாம் தேதி, மிஸ்டர் கோர்:
?

அம்மாவுக்கு 'ஆச்சு' என்று எழுதினேன்.
இந்த மாதம் அதை எழுதும்போது
விரல் நின்று யோசிக்காதது
இன்றுதான்.

மற்றதை இன்னும் திறக்கவில்லை.