வீட்டுப் பாத்தி

கந்தப்பளையில் பனி விலகுமுன்
லொறி ஹோர்ன் கேட்டுவிடும்.
வியாழக்கிழமை. லீக்ஸ் கிலோ நானூற்றிருபது.
நிமல் முதலாளி போனில் சொல்லும்போதே
பவளக்கொடி விரல் மடக்கிக்
கணக்குப் போட்டுவிட்டாள்:
அடகுக் கடையில் சங்கிலி,
மகனுக்கு டியூஷன் காசு,
கூரைத் தகரத்தில் ஒழுகும் அந்த ஓட்டை.

செவ்வாய் பின்னேரம்தான் அடித்தேன்.
முதுகில் டாங்கி, வாயில் துண்டு.
நஞ்சுக்கு நாங்கள் வைத்த பேர் மருந்து.
போத்தலில் மண்டையோட்டுக்குப் பக்கத்தில்
சின்ன எழுத்தில் பதினான்கு நாள் என்றிருக்கும்.
வாசிக்கத் தெரியாதவன் என்றால் பரவாயில்லை.
நான் சாதாரண தரம் வரை படித்தவன்.

லயத்துக்குப் பின்னால், பீலிக்கரையில்
எங்களுக்கென்று ஒரு பாத்தி இருக்கிறது.
அதற்கு மருந்து காட்டுவதில்லை.
புழுவை விரலால் பொறுக்கி எறிவாள் பவளக்கொடி.
இலையெல்லாம் பொத்தல். பார்க்க அழகில்லை.
இங்கே எல்லோர் வீட்டுக்குப் பின்னாலும்
அப்படி ஒன்று உண்டு.
அதைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை.

புதன் இரவு வேலாண்டி வந்தான், சாக்கோடு.
"நாளைக்கழிச்சு கோயில்ல அன்னதானம்.
மரக்கறி ஏதாச்சும் தா."
டோர்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.
சந்தைப் பாத்தி வாசலடியிலேயே இருக்க
கால் நேரே பீலிக்கரைக்குப் போனது.
பொத்தல் விழுந்த கோவா நாலு,
ஒல்லி லீக்ஸ் ஒரு கட்டு.
நார் போட்டுக் கட்டும்போதுதான்
கை நின்றது.

மாரியம்மனுக்கு எது என்று
எனக்கு முன்னே
என் காலுக்குத் தெரிந்திருக்கிறது.

இனியது ஒன்று, நல்லது ஒன்று,
இரண்டும் மனிதனைத் தேடி வரும் என்று
வெள்ளிக்கிழமை பஜனையில் சொல்வார்கள்.
தலையாட்டியிருக்கிறேன், சுண்டல் தின்றபடி.
ரிஷிக்கும் ராசாவுக்கும் வரும் என்று நினைத்திருந்தேன்.
லொறியிலும் வரும் போலிருக்கிறது.

சாப்பிடுகிறவன் வயிற்றுக்குள்
தீயாய் இருந்து செமிக்க வைப்பது
சாமிதான் என்றும் சொன்னார்கள்.
அப்படியென்றால்
தம்புள்ளையில் இறங்கி, கொழும்புக்குப் போய்,
மாளிகாவத்தை மாடிவீட்டில் யாரோ ஒருத்தி
என் லீக்ஸை வதக்கிப் பிள்ளைக்கு ஊட்டுவாளே,
அந்தச் சின்ன வயிற்றில் எரிவது யார்?
அம்மனுக்கு ஒரு பாத்தி,
அம்மனுக்கே இன்னொரு பாத்தியா?

விடிய ஹோர்ன் அடித்தது. இரண்டு தரம்.
இன்னும் பன்னிரண்டு நாள் போகட்டும் என்று
சிங்களத்தில் சொன்னேன்.
பன்னிரண்டு மட்டும் தொண்டையில் சிக்கியது.
நிமல் கோபிக்கவில்லை.
"பிஸ்ஸுத?" என்றான். பைத்தியமா என்று.
கேலியில்லை, மெய்யாகத்தான் கேட்டான்.
பக்கத்துக் காட்டு இருளாண்டி
முந்தாநாள் என் கூடவே மருந்தடித்தவன்,
அவன் மூட்டைகள் ஏறின.
நான்தான் ஒரு கை பிடித்து ஏற்றிவிட்டேன்.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பவளக்கொடி பேசவில்லை.
தேத்தண்ணி தந்தாள், சீனி இல்லாமல்.

பதினாறாம் நாள் விலை நூற்றெண்பது.
நிறைய லீக்ஸ் முற்றிப்போய்
மாட்டுக்குப் போட்டோம்.
புண்ணியம் வந்து சேர்ந்ததா, தெரியாது.
சங்கிலி வரவில்லை.
மழைக்குத் தகரத்தின் கீழ் வாளி வைக்கிறோம்.
நெஞ்சு நிறைந்தது என்று பொய் சொல்லமாட்டேன்;
ஒரு வாரம் படுக்கையில்
கழித்தல் கணக்குத்தான் ஓடியது.

இப்போது புதுப் பயிர்.
நேற்று மருந்தடித்துவிட்டு
கைகால் கழுவி உள்ளே வந்தேன்.
சுவர்க் கலண்டரில்
நேற்றைய தேதியில் ஒரு வட்டம்,
பதினான்கு நாள் தள்ளி இன்னொரு வட்டம்.
மகனின் சிவப்புப் பேனை, பவளக்கொடியின் கை.
நான் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு வட்டத்துக்கும் நடுவே
இரண்டு வியாழக்கிழமை இருக்கிறது.