நிற்கும் விரிப்பு

ஊருக்கெல்லாம் தண்ணீர் அளந்து விடுபவள் நான்.
உலான்பாத்தரின் வடக்கு மேட்டில்
எண் எழுதிய நீலக் கொட்டகை,
ஒரு சின்னச் சன்னல், ஒரு ரப்பர் குழாய்.
கேன் நிரம்பும் ஓசையை வைத்தே
கண்ணை மூடிக்கொண்டு திருகை நிறுத்திவிடுவேன்.
பன்னிரண்டு வருடத்தில்
ஒரு சொட்டு வெளியே வழிந்ததில்லை.

வீட்டில் அந்த வித்தை பலிக்கவில்லை.

துல்கூன்.
எங்கள் மொழியில் சலனமற்றவன் என்று பொருள்.
ஐந்து முடிந்துவிட்டது.
இரண்டரை வயதிலேயே
கால்சட்டையைத் தானே இறக்கித் தானே ஏற்றி
"முடிச்சாச்சு" என்று
வாசலில் நின்று தெருவுக்கே அறிவித்தவன்.
இந்த நவம்பரிலிருந்து
விடிகாலை நாலு மணிக்கு
என் விலாவில் ஒரு வெதுவெதுப்பு.
பிறகு குளிர்.
பிறகு, தூங்குவதுபோல்
அவன் கவனமாக விடும் மூச்சு.

மாலைச் சூப்பை நிறுத்திப் பார்த்தேன்.
நள்ளிரவில் எழுப்பினேன்;
நின்றபடியே தூங்கினான், குட்டிக்குதிரை மாதிரி.
ஒருநாள், தூக்கம் கெட்ட எரிச்சலில்,
"உங்கப்பா வரட்டும், சொல்றேன்" என்றேன்.
அவர் தெற்கே செம்புச் சுரங்கத்தில்,
பதினாலு நாள் அங்கே, பதினாலு நாள் இங்கே.
வந்து என்ன செய்வார், பாவம்,
தூங்குவார்.
அன்றைக்கே அவனுக்குத் தனிக் கட்டில் போட்டேன்,
மாவுச் சாக்கைப் பிரித்து மெத்தைமேல் தைத்து.

ஒரு விரிப்பை அலச இருபது லிட்டர்.
விலை தெரியும், விற்பவள் நான்தானே.
கேனைச் சறுக்குவண்டியில் வைத்து
மேடேறி இழுக்கும்போது மட்டும்
விற்பவளுக்கென்று எடை குறைவதில்லை.

டிசம்பரில் ஒருநாள் படுக்கை காய்ந்திருந்தது.
மறுநாளும்.
முத்தமிட்டேன். சூப்பைத் திருப்பிக் கொடுத்தேன்.
பெட்டியில் விரிப்புகள் குறைந்துவந்ததை
நான் எங்கே பார்த்தேன்!

ஐந்தாம் நாள் கரி அள்ளப் போனேன்.
வேலிக்கும் கரிக்கொட்டிலுக்கும் நடுவே
என் பூப்போட்ட விரிப்பு
தானாக நின்றுகொண்டிருந்தது
பலகைபோல, விறைத்து.
பின்னால் இன்னொன்று.
அதற்கும் பின்னால், துடைக்க எடுத்திருக்கிறான்,
அவன் அப்பாவின் கம்பளிக் கால்சட்டை,
இரண்டு காலில்,
உடம்பில்லாமல்.

மைனஸ் முப்பதில், இருட்டில்,
பூட்ஸை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு
இவ்வளவு தூரம் வந்திருக்கிறான்.
கழிப்பறை இதைவிடக் கிட்டத்தில் இருக்கிறது.

அடிக்கவில்லை. ஏன்டா என்று மட்டும் கேட்டேன்.
"கல்லாயிட்டா அது மூச்சா இல்லைதானே?"
பிறகு, வெகுநேரம் கழித்து,
அடுப்பைப் பார்த்துச் சொன்னான்:
"அங்க ஓட்டைக்குள்ள டார்ச் விழுந்துடுச்சு.
அணையல.
கீழ போயும் ரொம்ப நேரம் எரிஞ்சுது."

டார்ச் தொலைந்தது நவம்பரில்.
தொலைத்ததற்கும் நான் திட்டியிருந்தேன்.
ஆழம் எவ்வளவு என்று
வெளிச்சம் போட்டுப் பார்த்துவிட்ட பிள்ளையிடம்
தினமும் ராத்திரி
போய்விட்டு வந்து படு என்றும் சொல்லியிருந்தேன்.

அன்று மதியம் இருவரும்
ஆளுக்கொரு குச்சி எடுத்து
விரிப்பை அடித்தோம்.
பனித்தூள் வெள்ளையாகப் பறந்தது.
எந்த வாடையும் இல்லை அதற்கு.
"புதுவருஷத்துக்குக் கம்பளம் தட்டுறீங்களா?"
வேலிக்கு மேலே ஓயுன்சிமெக்கின் தலை.
"ஆமா" என்றேன்.
"ஆமா" என்றான் அவனும், என்னைவிடச் சத்தமாக.

இப்போது அடுப்புக்குப் பக்கத்தில்
மூடிபோட்ட பெயிண்ட் வாளி இருக்கிறது.
சில ராத்திரிகளில்
தகரத்தில் அந்தச் சத்தம் கேட்கும்.
படுத்தபடியே அளப்பேன்:
கால் லிட்டர். கொஞ்சம் கூட.
சில ராத்திரிகளில் கேட்காது.
நேற்றும் கேட்கவில்லை;
இன்று மறுபடி இருபது லிட்டர்.

சுரங்கத்திலிருந்து போன்.
"நின்னுடுச்சா?"
"இல்ல" என்றேன்.
"வரும்போது ஒரு டார்ச் வாங்கிட்டு வா,
கழுத்துல மாட்டுற மாதிரி
கயிறு வெச்சது."